நிர்மலா டீச்சரும் கச்சாங் என்கிற கரடிப்பூனையும்

நிர்மலா டீச்சர்மேல் புகார் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட, நானே சொன்னால் எனக்குக் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும்.

எங்கள் தமிழ்ப்பள்ளி மலாக்காவில் குருபோங் பக்கத்தில் ஒரு தாமானுக்குள், அதாவது வீடமைப்புக் குடியிருப்புக்குள், இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குள் இருந்த பள்ளி. தோட்டம் விலை போனபிறகு பெயர்ப்பலகையை மட்டும் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டது. மொத்தம் நூற்று முப்பது பிள்ளைகள். மூன்றாம் ஆண்டு நிர்மலா டீச்சருடையது, நான்காம் ஆண்டு என்னுடையது. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அவர் வகுப்பு சிரித்தால் எனக்குக் கேட்கும், நான் கத்தினால் அவர் வகுப்புக்குக் கேட்கும். சிரிப்பைவிடக் கத்தல்தான் அதிகம் கேட்டிருக்கும். என் பெயர் திலகா. கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வந்தால் மறைக்கத் தெரியாது.

போன வருஷம் அவரிடமிருந்து என் வகுப்புக்கு ஏறி வந்த பிள்ளைகளில் நான்கு பேருக்குச் சிஃபிர் தெரியவில்லை. பெருக்கல் வாய்பாட்டை இங்கே எல்லோரும் சிஃபிர் என்றுதான் சொல்வோம். ஆறு மூன்று எவ்வளவு என்று கேட்டால் மேசைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு விரலை எண்ணுவார்கள். விரல் போதாமல் பக்கத்துப் பிள்ளையின் விரலையும் கடன் கேட்பார்கள். ஒரு நாள் தலைவலியோடு நேரே தலைமையாசிரியை அறைக்குப் போய், "நிர்மலாக்கா நல்லவங்கதான். ஆனா நல்லவங்களா இருந்தா மட்டும் சிஃபிர் வந்துருமா?" என்று கேட்டுவிட்டேன். வெளியே வந்தபோதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

எங்கள் தலைமையாசிரியை, இங்கே வழக்கத்தில் குரு பெசார், சந்திராதேவி, யாழ்ப்பாணக் குடும்பம். அவருடைய அப்பா ரயில்வேயில் பெரிய கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். சந்திராதேவி உரக்கப் பேசமாட்டார். ஆனால் காதில் விழுந்த எதையும் மறக்கவும் மாட்டார். இந்த வருஷம் பள்ளி திறந்த முதல் வாரமே நிர்மலா டீச்சரைக் கூப்பிட்டார்.

"இருபத்தொரு பிள்ளைகள் இருக்கினம் உங்கட வகுப்பில. தீபாவளி லீவுக்கு முன்னால இருபத்தொரு பேருக்கும் சிஃபிர் தெரியவேணும். ஒரு பிள்ளை விடுபட்டாலும், அடுத்த வருஷம் வகுப்பை வேற ஆளுக்குக் குடுத்திட்டு உங்களை நூல்நிலையத்துக்கு மாத்திப்போடுவன் டீச்சர். குறை நினைக்காதேங்கோ."

நிர்மலா டீச்சருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அறையை விட்டு வெளியே வந்தவர் யார் புகார் சொன்னது என்று கேட்கவில்லை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மூடி வைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் தற்காலிக ஆசிரியையாக உள்ளே வந்து, பிறகு பயிற்சிக்குப் போய், மலாக்கா மாநிலத்திலேயே நான்கு பள்ளிகள் மாறி, முப்பத்தெட்டு வருஷம் ஓட்டிவிட்டார். பாயா ரும்புட்டில் வீடு. வீட்டுக்காரர் அப்புசாமி லாரி ஓட்டி ஓட்டி முட்டி போய் இப்போது வீட்டில் இருக்கிறார். ஒரே மகள் ஜொகூரில் வேலை பார்க்கிறாள்.

நிர்மலா டீச்சருக்கு ஒரு பழக்கம். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பார். வெண்பலகைப் பேனாவில் மை தீர்ந்தால் "பாவம், களைச்சுப் போச்சு" என்பார். புதிதாக வந்த ஆசிரியர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். உயிர் இல்லாத சாமான்மேல் இவ்வளவு பாசம் வைக்கும் மனுஷி பிள்ளைகளை எப்படி அதட்டுவார்? அதட்டமாட்டார். அதுதான் என் புகாரின் உள்ளே இருந்த உண்மையான புகார்.

தொண்ணூறுகளின் கடைசியில் முட்டை வடிவத்தில் ஒரு சாவிக்கொத்து விளையாட்டு வந்ததே, நினைவிருக்கிறதா? சின்னத் திரைக்குள் ஒரு குஞ்சு இருக்கும். பசித்தால் கத்தும், பொத்தானை அழுத்தித் தீனி கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் செத்துப்போகும். அந்தக் காலத்தில் எல்லாப் பள்ளியிலும் அதைப் பறிமுதல் செய்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்கள். நிர்மலா டீச்சரும் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு மாணவியிடமிருந்து வாங்கி வைத்தார். ஆனால் பூட்டிவிட்டுப் போக மனசு வரவில்லை. வீட்டுக்கு எடுத்துப்போய் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தீனி கொடுத்து, திங்கட்கிழமை காலையில் உயிரோடு திருப்பிக் கொடுத்தாராம். வீட்டுப்பாடமே செய்யாத அந்தப் பிள்ளை அதற்கப்புறம் ஒரு நாள்கூட வீட்டுப்பாடம் செய்யாமல் வரவில்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

நூல்நிலைய மிரட்டல் வந்தபிறகு அவருக்கு அந்தக் குஞ்சு நினைவுக்கு வந்திருக்கிறது. மகளிடம் கேட்டார். மகள் தேடிப் பார்த்து இணையத்தில் ஒரு விளையாட்டைக் காட்டினாள். வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு பிராணியை வளர்க்க வேண்டும். பாதி கரடி, பாதி பூனை, பழுப்பு நிறம், உருண்டை வயிறு. பிள்ளைகள் வாக்கெடுப்பு நடத்தி அதற்குக் கச்சாங் என்று பெயர் வைத்தார்கள். மலாய்மொழியில் கச்சாங் என்றால் கடலை. பார்த்தால் வறுத்த வேர்க்கடலை மாதிரியேதான் இருந்தது.

கணக்குச் செய்தால்தான் கச்சாங்குக்குச் சாப்பாடு. கூட்டல், கழித்தல் சரியாகச் செய்தால் காரட், கீரை, வாழைப்பழம் விழும். சிஃபிர் சரியாகச் சொன்னால் மீன், கோழி. வயிறு நிறைய வேண்டுமென்றால் சிஃபிர்தான் வழி. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகள் இருக்கும். சரியானதை அழுத்தினால் சாப்பாடு மேலிருந்து நேராக அதன் வாயில் விழும், வேண்டாம் என்று தடுக்க முடியாது. தப்பானதை அழுத்தினால் டொங் என்று ஒரு சத்தம், அடுத்த கேள்வி வந்துவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கிக் கொடுத்த ஏழு டேப்லெட் இருந்தது. மூன்று மூன்று பிள்ளைகளாக உட்கார்ந்து செய்தார்கள். ஒரு பிள்ளைக்கு வாரம் இருபது சிஃபிர் கேள்வி. வாரக் கடைசியில் யார் எத்தனை சரி என்று ஓர் அறிக்கை தலைமையாசிரியைக்குத் தானாகப் போய்விடும்.

"பூனை வளக்குறாங்களாம், பூனை," என்று நான் கேண்டீனில் நாலு பேர் கேட்கச் சொன்னேன். அடுத்த வருஷம் என் வகுப்புக்குக் கரடிப்பூனை வைத்தியர்கள்தான் வரப்போகிறார்கள் என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் ஜூன் மாதம் வந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது வேறு மாதிரி இருந்தது. "ஆறெட்டு நாப்பத்தெட்டு, கோழி. ஒம்போது மூணு இருவத்தேழு, மீனு." பாட்டு மாதிரி வரும். ஓய்வு மணி அடித்தாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள், கச்சாங் இன்னும் சாப்பிடவில்லையாம். பள்ளி விடுமுறையில்கூட அம்மாக்களின் கைப்பேசியில் தீனி கொடுத்தார்கள். அறிக்கையில் பதினாறு, பதினேழு என்று எண்கள் ஏறின. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பொய். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

செப்டம்பரில் ஒரு வார விடுமுறை வந்தது. திரும்பி வந்து முதல் வார அறிக்கையைப் பார்த்தபோது எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. சிஃபிர் கேள்விகளில் ஏறக்குறைய வகுப்பு முழுவதும் இருபதுக்குச் சுழியம். பிள்ளைகள் பாஷையில் கோசோங். கூட்டலும் கழித்தலும் வழக்கம்போல நன்றாகவே இருந்தன. விடுமுறையில் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது, மறுபடி வந்துவிடும் என்று நிர்மலா டீச்சர் சொன்னார். வெண்பலகையில் எழுதிப்போட்டு மறுபடி ஒப்புவிக்கச் சொன்னார், பிள்ளைகளும் சத்தமாக ஒப்புவித்தார்கள். இரண்டாவது வாரமும் அதே கோசோங். கச்சாங்குக்கு வயிறு ஒட்டிப்போய், தலைக்குமேல் இருக்கும் பச்சை இதயம் மஞ்சளாகிவிட்டது. காரட்டிலும் கீரையிலும் ஏதோ உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா, பிள்ளைங்களுக்கு வெளையாட்டு சலிச்சுப் போச்சு. சும்மா கண்டதை அழுத்திட்டு ஓடுதுங்க," என்று நான் சொன்னேன். கேண்டீனில் நெத்திலி இல்லாத நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றைத் தின்றுகொண்டேதான் சொன்னேன். அந்த மாதம் கேண்டீனில் தெம்பே என்கிற சோயா பொரியல் மட்டும்தான் கிடைத்தது. அப்போதாவது எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அக்டோபர் முதல் வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமை காலை, தலைமையாசிரியை கையில் அறிக்கையோடு மூன்றாம் ஆண்டு வகுப்புக்குள் வந்தார். என்னையும் கூப்பிட்டார். அடுத்த வருஷம் இந்தப் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளப் போகிறவள் நானாம், நானும் பார்க்க வேண்டுமாம்.

முதலில் மலர்விழியைக் கூப்பிட்டார். வகுப்புத் தலைவி, இரட்டைச் சடை, துடிப்பான பிள்ளை. டேப்லெட்டில் ஏழு நான்கு எவ்வளவு என்று கேள்வி வந்தது. மலர்விழி இருபத்து நான்கை அழுத்தினாள். டொங். அடுத்து யுகேந்திரன். ஆறு ஐந்து முப்பத்தைந்து என்று அழுத்தினான். டொங். இருவரும் கொஞ்சமும் கலங்காமல் போய் உட்கார்ந்தார்கள். நிர்மலா டீச்சர் முகத்தில் ரத்தமே இல்லை.

மூன்றாவதாக, அறிக்கையில் எல்லோரையும்விட அதிகமாக வாங்கியிருந்த பவானேஸ்வரியைக் கூப்பிட்டார். அதிகம் என்றால் இருபதுக்கு ஏழு. மெலிந்த பிள்ளை, வாய் திறந்தே பேசாது. எட்டு மூன்று எவ்வளவு என்று வந்த கேள்விக்கு வெகுநேரம் பார்த்துவிட்டு இருபத்து நான்கை அழுத்தினாள். மேலிருந்து ஒரு மீன் விழுந்தது, கச்சாங் லபக்கென்று விழுங்கியது.

"இந்தப் பிள்ளையாவது முயற்சி செய்யுது," என்று தலைமையாசிரியை அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

வகுப்பு அப்படியே பவானேஸ்வரியை முறைத்தது. யாரோ ச்சு கொட்டினார்கள். அந்தப் பிள்ளைக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. பாராட்டைக் கேட்டு அழுகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

"டீச்சர், நான் சொன்னது ஞாபகம் இருக்குத்தானே," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை போய்விட்டார்.

ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர் மட்டும். நிர்மலா டீச்சர் அறிக்கையை மடித்து மேசைமேல் வைத்தார். "நான் நூல்நிலையத்துக்கே போறேன் திலகா. அங்க பொஸ்தகமெல்லாம் தூசி புடிச்சுக் கெடக்கு, பாவம்," என்றார். அந்த 'பாவம்' என்னை என்னவோ செய்துவிட்டது. ஏதாவது செய்ய வேண்டுமே என்று அந்த அறிக்கையைப் பிரித்துப் பார்த்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்குக் கோபம் வந்தது. அதுவும் கணக்குக் கோபம்.

"அக்கா, இது நடக்கவே நடக்காது."

"எது?"

"மூணு விடையில ஒண்ணு சரி. கண்ண மூடிக்கிட்டு அழுத்துனாக்கூட மூணுல ஒண்ணு சரியா வந்துரும். ஏழு வாங்குன ஒரு பிள்ளைய விட்டுட்டா மீதி இருபது பிள்ளைங்க, ஆளுக்கு இருபது கேள்வி, மொத்தம் நானூறு. ஒண்ணுமே தெரியாத பிள்ளைங்களா இருந்தாலும் நூத்து முப்பதாவது சரியா வந்திருக்கணும். இங்க ஒண்ணுகூட இல்ல. போன வாரமும் ஒண்ணுகூட இல்ல."

"அப்படின்னா?"

"நானூறையும் தப்பா அழுத்தணும்னா, நானூறுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும். உங்க பிள்ளைங்க வேணும்னே தப்பா அழுத்துதுங்க. நீங்க என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?"

அவர் எழுந்து வகுப்பை நோக்கி நடந்தார். அந்த உடம்போடு அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. பின்னாலேயே போனேன். பிள்ளைகள் அப்போதுதான் ஓய்வு முடிந்து உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

"மலர்விழி, இங்க வாம்மா. ஏழு நாலு எவ்வளவு?"

"இருவத்தெட்டு டீச்சர்."

"காலையில இருவத்து நாலுன்னு அழுத்துனியேமா."

"இருவத்தெட்ட அழுத்துனா மீனு விழும் டீச்சர்."

"விழட்டுமே. அது பசியோட இருக்குல்ல?"

மலர்விழி நிர்மலா டீச்சரைப் பரிதாபமாகப் பார்த்தாள். இவ்வளவு பெரிய டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற பார்வை.

"இப்ப புரட்டாசி மாசம் லா, டீச்சர்."

வகுப்பு முழுவதும் தலையாட்டியது. எல்லோர் வீட்டிலும் பெருமாளுக்கு நேர்ந்து ஒரு மாதம் சைவம். அப்புறம் கச்சாங் மட்டும் எப்படி மீன் தின்னும்? பெருமாள் கோபித்துக்கொள்ளமாட்டாரா? விடுமுறையில் புரட்டாசி பிறந்தவுடனே இவர்கள் அம்மாக்களின் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் குரல் செய்தி அனுப்பி முடிவு செய்திருக்கிறார்கள். மீன் விழாமல் இருக்க ஒரே வழி தப்பாக அழுத்துவது. தப்பாக அழுத்த வேண்டுமென்றால் எது சரி என்று முதலில் பார்த்துவிட்டு அதைத் தொடாமல் இருக்க வேண்டும். அதைத்தான் மூன்று வாரமாகப் பசியோடு இருக்கும் கச்சாங்கைப் பார்த்து அழுதுகொண்டே செய்திருக்கிறார்கள்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று நிர்மலா டீச்சர் கேட்டார்.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க. நன்னெறிப் பாடத்துல, புரட்டாசியில நம்ம எல்லாரும் சைவம்னு. நான் கச்சாங்குமான்னு கேட்டேன். எல்லாரும்தாம்மா, அப்படின்னீங்க. நீங்க புத்தகம் திருத்திக்கிட்டு இருந்தீங்க."

நான் தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று தெரியாது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெஞ்சுக்குள் ஒரு வருஷமாக உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. நிர்மலா டீச்சர் மேசையைப் பிடித்தபடி, "கடவுளே, கடவுளே," என்று சொல்லிக்கொண்டு நின்றார். பிறகு முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாக வாயால் கேட்டுக்கொண்டே வந்தார். எட்டேழு, ஒன்பதாறு, ஏழேழு. டக்டக்கென்று வந்தது. அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்தேன்.

அப்போதுதான் அறிக்கையில் நான் ஒதுக்கிவைத்த அந்த ஒரு வரி எனக்கு ஞாபகம் வந்தது. பவானேஸ்வரி, இருபதுக்கு ஏழு. போன வாரமும் ஏழு. அதாவது, மூன்றில் ஒன்று. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

நிர்மலா டீச்சருக்கும் அதே நேரத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். பவானேஸ்வரியின் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

"நானும் தப்பாத்தான் அழுத்தப் பாக்குறேன் டீச்சர்," என்று அந்தப் பிள்ளை தேம்பியது. "எது தப்புன்னு எனக்குத் தெரியல. தெரியாம மீனு குடுத்துட்டேன்."

"அவதான் டீச்சர், நெறைய வாட்டி குடுத்துட்டா," என்றது பின்வரிசை.

இத்தனை மாதமாக ஒரே டேப்லெட்டில் பக்கத்தில் இருந்த மலர்விழி காதில் விடை சொல்லிச் சொல்லி இவளை ஓட்டியிருக்கிறாள். புரட்டாசியில் சரியான விடையைச் சொன்னால் மீன் விழுந்துவிடும் என்று அவள் நிறுத்தியவுடன் அம்பலமாகிவிட்டது. "ஏழெட்டு மாசமா என் கண்ணு முன்னாலேயே இருந்திருக்கு, நான் பாக்கல," என்று நிர்மலா டீச்சர் என்னிடம் சொன்னார்.

தலைமையாசிரியையிடம் போய் இரண்டு பேரும் எல்லாவற்றையும் சொன்னோம். பவானேஸ்வரியையும் மறைக்கவில்லை. நான் மறைக்கலாம் என்றுதான் சொன்னேன், நிர்மலா டீச்சர் கேட்கவில்லை. தலைமையாசிரியை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது.

"இருபது பிள்ளைகளுக்குத் தெரியும். நான் சொன்னது இருபத்தொண்டு. பதினேழாந் தேதி வெள்ளிக்கிழமை வருவன். இன்னும் எட்டுப் பள்ளி நாள் இருக்கு," என்றார்.

எட்டு நாளில் ஒரு பிள்ளைக்குச் சிஃபிர் வருமா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அடுத்த நாள் பள்ளி விட்டபிறகு நானே போய் அவர்களோடு உட்கார்ந்தேன். என் குரல் கேட்டாலே பவானேஸ்வரி சுருங்கினாள். "திலகா டீச்சர் உம்மேல கோவப்படலம்மா, கணக்கு மேலதான் கோவப்படுறாங்க," என்று நிர்மலா டீச்சர் சமாதானம் சொன்னார். சரி என்று நான் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன்.

அவர் வாய்பாட்டை எடுக்கவே இல்லை. வீட்டில் என்னம்மா செய்வாய் என்று கேட்டார். அவளுடைய அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, தீபாவளி நேரத்தில் வீட்டில் பிஸ்கட் சுட்டு விற்பவர். பாலாங்கில் பிஸ்கட் அடுக்குவது பவானேஸ்வரியின் வேலை. மூடி போட்ட அந்தப் பிளாஸ்டிக் ஜாடியில் எத்தனை தட்டு, ஒரு தட்டுக்கு எத்தனை பிஸ்கட்? அதையெல்லாம் அவள் யோசிக்காமலே சொன்னாள். தட்டுக்கு ஏழு, ஆறு தட்டு, மொத்தம் நாற்பத்திரண்டு. "அப்ப ஏழாறு எவ்வளவுமா?" என்று கேட்டபோது அவள் வாயைத் திறந்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அது கணக்கு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் தினமும் பிஸ்கட் அடுக்கினோம். அட்டையில் வெட்டிய பிஸ்கட். ஐந்தாவது நாள் எட்டாம் வாய்பாட்டில் மாட்டிக்கொண்டு அவள் அழுதாள். ஆறாவது நாள் மலர்விழி, நானும் இருக்கிறேன் என்று வந்து உட்கார்ந்தாள். விடை சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு.

அன்றைக்குப் பிள்ளைகள் போனபிறகு அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே, "அக்கா, குரு பெசார்கிட்ட சொன்னது நான்தான்," என்றேன்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். நாலு பிள்ளைங்களுக்குத் தெரியலன்னு நீ சொன்னது நெசந்தானே. எம்மேலயே வந்த கோவத்துலதான் நான் இவ்வளவு தேடுனேன்." அட்டைகளை ரப்பர் போட்டுக் கட்டினார். "ஆனா ஒரு வார்த்தை எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம் திலகா."

சொல்லியிருக்கலாம். அதை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாளிலிருந்து தீபாவளி விடுமுறை. புரட்டாசிக்கும் அதுதான் கடைசி நாள். தலைமையாசிரியை வந்து பவானேஸ்வரியிடம் வாயால் கேட்கத் தொடங்கினார். ஆனால் அந்தப் பிள்ளை எழுந்து நின்று, மெல்லிய குரலில், "டேப்லெட்ல செய்றேன் டீச்சர். எனக்கும் கோசோங் வாங்கணும்," என்றது.

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். "கண்ண மூடி அழுத்தி இருபதும் தப்பா வர்றது மூவாயிரம் தடவையில ஒரு தடவை நடந்தா பெருசு டீச்சர். வாயால கேக்குறதைவிட இது கஷ்டம்," என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் கேள்வி, டொங். இரண்டாவது, டொங். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் உதடு அசைந்தது, விரல் மேசைமேல் தட்டு தட்டாக எதையோ அடுக்கியது. பத்து, பதினொன்று, பதினைந்து. பதினேழாவதில் வெகுநேரம் நின்றுவிட்டாள். நிர்மலா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். டொங். நான் என் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்று வயதில் நகம் கடிக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இருபதாவது கேள்வி, எட்டு ஏழு. நாற்பத்தெட்டு, ஐம்பத்தாறு, ஐம்பத்து நான்கு. பவானேஸ்வரி ஐம்பத்தாறின்மேல் விரலைக் கொண்டுபோனாள். வகுப்பு மூச்சை நிறுத்தியது. அவள் தலைமையாசிரியையை நிமிர்ந்து பார்த்து, "இதுதான் மீனு," என்று சொல்லிவிட்டு, விரலை நகர்த்தி, ஐம்பத்து நான்கை அழுத்தினாள்.

டொங்.

பிள்ளைகள் மேசையைத் தட்டிய தட்டில் பலகைத் தடுப்பு ஆடியது. "நூல்நிலையத்துக்கு நான் வேற ஆளைப் பாக்கிறன்," என்று தலைமையாசிரியை எழுந்தார். நிர்மலா டீச்சர் சின்னப் பிள்ளைகள் உட்காரும் அந்தக் குட்டி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, பவானேஸ்வரியை இழுத்து அணைத்துக்கொண்டு, "கோசோங் வாங்கிட்டே கண்ணு, கோசோங் வாங்கிட்டே," என்று வாய்விட்டு அழுதார்.